வழக்கில் வென்றாலும் விசா இல்லை

ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பு விசா மறுக்கப்பட்ட ஒருவர் நீதிமன்றம் போய் வென்றால் என்ன கிடைக்கும்? விசா கிடைக்காது. மறுத்த முடிவு ரத்தாகும். கோப்பு, மறுப்பை மீளாய்வு செய்யும் தீர்ப்பாயத்துக்குத் திரும்பும். அங்கே மறுபடி விசாரிப்பார்கள், மறுபடி மறுக்கவும் செய்யலாம். கட்சிக்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். “அப்ப ஜட்ஜ் என் கதையைக் கேட்கவே மாட்டாரா?” என்பார்கள்.

மாட்டார். ஊர் திரும்பினால் உயிருக்கு ஆபத்தா என்பது நீதிபதி முன் உள்ள கேள்வியே அல்ல. சட்டம் கேட்கச் சொன்ன கேள்வியைத்தான் அதிகாரி கேட்டாரா, மனுதாரர் சொன்ன முக்கியமான அச்சம் ஒன்றைப் பார்க்காமல் விட்டாரா, பாதகமான தகவலை அவர் முன் வைத்துப் பதில் கேட்டாரா, இவ்வளவுதான் கேள்வி. பரீட்சை எழுதியவர்களுக்குப் புரியும்படி சொன்னால், இது மறுகூட்டல், மறுமதிப்பீடு அல்ல. நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க 35 நாள் கெடு. தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம்.

இந்த வரம்பில் எனக்குக் குறையில்லை. யாரை நம்புவது என்பதை நீதிபதிகள் தீர்மானிக்கத் தொடங்கினால், அவர்களும் இன்னொரு குடிவரவு அலுவலகமாகிவிடுவார்கள். குறுகலாக இருந்தாலும் இந்த வாசல் எளிதில் கிடைத்ததல்ல. 2001இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் இதை ஏறக்குறைய முழுவதும் அடைக்கப் பார்த்தது. 2003இல் எஸ்157 வழக்கில் உயர் நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. அதிகார வரம்பை மீறி எடுத்த முடிவுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்றது. அரசமைப்புச் சட்டத்தின் 75ஆம் பிரிவு தரும் ரிட் அதிகாரத்தை நாடாளுமன்றத்தால் பறிக்க முடியாது என்றது. (புகலிட மனுதாரர்களின் பெயரை நீதிமன்றங்கள் வெளியிடக் கூடாது. அதனால்தான் இந்த வழக்குகளுக்கெல்லாம் எழுத்தும் எண்ணுமே பெயர்.)

2010இல் எம்61 வழக்கு. 2009இல் படகில் கிறிஸ்துமஸ் தீவுக்கு வந்த இலங்கைத் தமிழர் இருவருடையது. அவர்களுடைய கோரிக்கைகளைப் பரிசீலித்தது சட்டப்படியான விசாரணையே அல்ல, அமைச்சர் கருணை காட்டுவதற்கான வெறும் முன்னோட்டம் என்று அரசு வாதாடியது. அந்த வாதத்தை ஏற்காமல், ஆஸ்திரேலியச் சட்டமும் இயற்கை நீதியும் அந்த விசாரணையைக் கட்டுப்படுத்தும் என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

ஆனால் மறுகூட்டல் பயன்பட வேண்டுமென்றால், முதலில் விடைத்தாளை யாராவது ஒழுங்காகத் திருத்தியிருக்க வேண்டும். 2014 இறுதியில் வந்த ‘விரைவுப் பாதை’ சட்டம் அதைத்தான் கெடுத்தது. 2012 ஆகஸ்ட் 13 முதல் 2013 முடியும்வரை படகில் வந்தவர்களுக்கு, சாதாரணத் தீர்ப்பாயத்தின் நேரடி விசாரணை இல்லாமல் போனது. அவர்களுக்கென்று அமைத்த குடிவரவு மதிப்பீட்டு ஆணையம் பொதுவாகக் கோப்பை மட்டும் படித்தது. விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலொழிய புதிய தகவலை ஏற்கவில்லை. இவர்களில் பெரும்பாலானோருக்கு அரசு செலவிலான சட்ட உதவியும் அதே ஆண்டு நின்றுபோனது.

இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: வதைபட்டவர்கள் முதல் நேர்காணலில் எல்லாவற்றையும் சொல்வதில்லை. சீருடை போட்ட அதிகாரி, முன்பின் தெரியாத மொழிபெயர்ப்பாளர், அதிலும் அவர் தன் ஊர்க்காரராக இருந்துவிட்டால் பாலியல் வன்முறைக்கு ஆளானவர் வாயே திறப்பதில்லை. நம்பிக்கை வந்த பிறகுதான் சொல்கிறார். சாதாரணத் தீர்ப்பாயத்தில், ஏன் தாமதம் என்று நேரில் விளக்கவாவது வழியுண்டு. விரைவுப் பாதையில் அந்தப் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. இப்படி அரைகுறையாகத் தெரிந்த உண்மைகளின் மேல், சட்டப் பிழை ஏதும் இல்லாத ஒரு மறுப்பை எழுதிவிட முடியும். அது தன் முன் வரும்போது நீதிபதிக்கு மனுவைத் தள்ளுபடி செய்வதைத் தவிர வழியில்லை. ‘நீதிமன்றமே பார்த்துவிட்டது’ என்று அரசு பிறகு சொல்லிக்கொள்ளும். நீதிமன்றம் பார்த்தது அவருடைய கதையையல்ல.

இந்த விரைவுப் பாதை முறை நியாயமற்றது என்பதை இன்றைய ஆட்சியாளர்களே ஒப்புக்கொண்டவர்கள். தற்காலிக விசா வைத்திருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கான வழியை 2023 பிப்ரவரியில் திறந்தார்கள். 2024 அக்டோபர் 14 அன்று புதிய நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம் வந்தபோது மதிப்பீட்டு ஆணையமும் ஒழிந்தது. அது கொடுத்த மறுப்புகள் மட்டும் ஒழியவில்லை. அதே பாதையில் தோற்ற ஆயிரக்கணக்கானோர் பத்தாண்டுக்கும் மேலாக இங்கே வேலை பார்க்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஒழுங்கற்றது என்று ஒரு விசாரணை முறையைக் கலைத்துவிட்டு, அதன் முடிவுகளை மட்டும் வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

இந்த மறுப்புகளைச் சரிசெய்யும் வேலையை நீதிமன்றத்தின் தலையில் கட்டுவதில் பயனில்லை. ஒருமுறை மறுக்கப்பட்டவர் மறுபடி விண்ணப்பிப்பதைக் குடிவரவுச் சட்டம் தடுக்கிறது. பொதுநலன் கருதி அந்தத் தடையை நீக்கும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 48பி பிரிவு அமைச்சருக்குத் தருகிறது. அதைப் பயன்படுத்தும்படி எந்த நீதிபதியும் அவருக்கு உத்தரவிட முடியாது. பயன்படுத்த அவருக்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை. விரைவுப் பாதையில் மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தடையை நீக்கி, புதிய தீர்ப்பாயத்தில் அவர்களை ஒருமுறை நேரில் உட்காரவைத்துக் கேட்கட்டும். பிறகும் மறுத்தால், நீதிமன்றம் மறுகூட்டல் பார்க்கட்டும்.

– கட்டுரையாளர், குடிவரவுச் சட்டத் துறையில் பணியாற்றும் வழக்கறிஞர்.