“பொறுத்துக்கொள், மகளே!”

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளை. பங்கு இல்லத் திண்ணையில் ஒரு தாய் வந்து அமர்ந்தார். சேலைத் தலைப்பால் நெற்றியை மறைத்திருந்தார். கணவர் குடித்துவிட்டு அடிப்பதைத் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கினார். அவரை முழுவதும் பேச நான் விடவில்லை. “பொறுத்துக்கொள், மகளே! ஆண்டவரின் சிலுவையோடு உன் சிலுவையையும் சேர்த்துக்கொள். நாள்தோறும் செபமாலை சொல்” என்று கூறி, ஆசீர் அளித்து அனுப்பிவிட்டேன். அன்பியக் கூட்டத்திற்கு நேரமாகியிருந்தது. நான்கு மாதங்கள் கழித்து அரசு மருத்துவமனையில், கை முறிந்த நிலையில் அவரைக் கண்டேன். “நீங்க சொன்ன மாதிரி பொறுத்துக்கிட்டேன், சாமி” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. ஆயினும் அச்சொற்கள் இன்றும் என்னை உறுத்துகின்றன.

அவர் என்னிடம் பேசியது ஒப்புரவு அருட்சாதனத்தில் அன்று, திண்ணையில். அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன். அன்று நான் வழங்கியது ஆன்மீக அறிவுரை எனப் பலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணினேன். உண்மையில் அது என் கடமையைத் தட்டிக்கழித்த செயல். நம் பங்குகளில் இன்றும் இது தொடர்கிறது. குருக்கள் மட்டுமல்ல, மாமியார், அண்டை வீட்டார், அன்பியப் பொறுப்பாளர் எனப் பலரும் இதே மறுமொழியைச் சொல்லி, துன்புறும் குடும்பங்களைத் திருப்பி அனுப்புகிறோம். பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் செல்வதை விசுவாசக் குறைவு எனவும் தூற்றுகிறோம்.

“செபத்தால் ஆகாததும் உண்டோ?” எனக் கேட்பவர்களை நான் ஒன்று கேட்கிறேன்: கால் எலும்பு முறிந்தால் நீங்கள் செபமாலையோடு நின்றுவிடுகிறீர்களா? சீராக் ஞானநூலின் 38-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நோயுற்றவன் இறைவனிடம் மன்றாட வேண்டும் எனக் கூறும் அதே அதிகாரம், மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார். அவருக்கும் இடம் கொடு என்கிறது. எலும்புக்கு மருத்துவர் வேண்டும். நொறுங்கிய உள்ளத்திற்கு மட்டும் வேண்டாம் என்பது எந்த இறையியல்?

“வீட்டுச் செய்தி வெளியே போகலாமா?” என்பது அடுத்த தடை. இரவில் எழும் கூச்சல் தெரு முழுவதும் கேட்கத்தான் செய்கிறது. அதற்கும் மேலாக, பாயில் படுத்துக் கண்களை இறுக மூடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குக் கேட்கிறது. படிப்பில் திடீரெனப் பின்தங்கும் மகனை நாம் அடிக்கிறோம். மந்திரிக்கவும் அழைத்துச் செல்கிறோம். பெற்றோரின் பிணக்கே அப்பிள்ளையின் நோயாக வெளிப்படக்கூடும் எனக் குடும்ப ஆற்றுப்படுத்துநர்கள் அறிவர். ஆகவேதான் அவர்கள் பிள்ளையை மட்டும் பார்க்காமல், முழுக் குடும்பத்தையும் அழைத்துப் பேசுகிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்திலும் நோயாளியோடு உறவினர் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கின்றனர்.

“சாமியார் இருக்கையில் ஆலோசகர் எதற்கு?” என்பாரும் உளர். குருமடத்தில் நான் திருமண வழக்குகளுக்கான சட்டங்களைப் படித்தேன். ஒருவர் பேசும்போது இடைமறிக்காமல் கேட்கப் பயின்றேனல்லேன். மேலும் கணவரின் அண்ணன் பங்குப் பேரவையில் இருப்பார். மனைவியின் தந்தை திருவிழாச் செலவில் பாதியை ஏற்றிருப்பார். இவர்களுக்கு நடுவில் அமரும் பங்குத்தந்தையிடம் அவ்விருவரும் மனந்திறப்பது எளிதா? நல்ல ஆலோசகர் தீர்ப்புக் கூறுவதில்லை. பிரிந்துவிடு எனவும், சேர்ந்திரு எனவும் ஆணையிடுவதில்லை. கேட்டதை மறைவாகக் காக்கிறார். தங்கள் முடிவைத் தாங்களே தெளிந்து எடுக்கத் துணைநிற்கிறார்.

இவை உலகப் போக்குக்கு இணங்கிய கருத்துகள் எனத் தள்ளிவிடாதீர்கள். மேய்ப்புப்பணியில் உளவியல், சமூகவியல் முதலிய அறிவியல்களின் முடிவுகளையும் பயன்படுத்த வேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு பணித்துவிட்டது. உடலுக்கோ உள்ளத்திற்கோ பெருந்தீங்கு விளையும்போது துணைவரைப் பிரிந்திருக்க நியாயமுண்டு எனத் திருச்சபைச் சட்டம் 1153 கூறுகிறது. சில சூழல்களில் பிரிவு தவிர்க்க இயலாதது மட்டுமல்ல, அறநெறிப்படி தேவையானதாகவும் ஆகலாம் என்றார் திருத்தந்தை பிரான்சிஸ், 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ மடலில். திருச்சபையே சுமத்தாத சுமையை அன்று அத்தாயின் தோளில் ஏற்ற எனக்கு உரிமை தந்தது யார்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் கணவனையும் மனைவியையும் ஒன்றாக அமர்த்திச் சமாதானம் பேசுவது ஆபத்து. அறையில் மனைவி சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். அங்கே முதலில் வேண்டுவது பாதுகாப்பு. அதற்கெனவே 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்னும் மகளிர் உதவி எண் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு தவிப்போர்க்கு 14416 என்னும் இலவச மனநல உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. இவ்வெண்களை நம் ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க என்ன தடை?

தேருக்கும் வாணவேடிக்கைக்கும் இலட்சக்கணக்கில் செலவிடும் நாம், மறைவட்டத்திற்கு ஒன்றாக, கதவடைத்துப் பேசத்தக்க ஓர் அறையை ஒதுக்க மாட்டோமா? துறவியரிலும் பொதுநிலையினரிலும் தகுதியுடையோரை முறையான பயிற்சிக்கு அனுப்ப மாட்டோமா? திருமணத் தயாரிப்பு வகுப்பைச் சான்றிதழ் பெறும் சடங்காகவே வைத்திருக்கப் போகிறோமா?

ஆலோசனைப் பணிக்கு நம் வழக்கில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்னும் பெயர் உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடி எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவதே பழந்தமிழ் ஆற்றுப்படை. உதவி பெற்றவரே அங்கு வழிகாட்டுகிறார். நம்மிடையே உதவி பெற்றவர்களோ வெட்கத்தால் வாய்மூடி இருக்கின்றனர்.

அந்தத் தாய் அப்படி இருக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்தபின், ஆற்றுப்படுத்தலில் பயிற்சி பெற்ற ஓர் அருட்சகோதரியிடம் சென்றார். “ஒரு மணி நேரம் பேசினேன், சாமி. சிஸ்டர் குறுக்கே ஒரு வார்த்தை பேசல” என்று பின்னர் என்னிடம் வியப்போடு கூறினார். இன்று அவர் தம் பிள்ளைகளோடு தனித்து, அச்சமின்றி வாழ்கிறார். செபமாலையை அவர் விடவில்லை. தம் தெருவில் கண்ணீரோடு நிற்கும் பெண்களை அந்தச் சகோதரியிடம் அழைத்துச் செல்கிறார். நான் தவறவிட்ட பணியை அவர் செய்கிறார்.

அடுத்த முறை உங்கள் திண்ணைக்கும் ஒருவர் வருவார். ‘பொறுத்துக்கொள்’ என்னும் சொல் நாவில் எழுமுன், அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பின்பு அவரை உரியவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.