தொட்டில் ஆடும் வீட்டுக்கு எந்த ரோபோ?

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ரோபோ வேக்வம் வாங்குபவர்கள், உறிஞ்சும் திறனைச் சொல்லும் ‘பாஸ்கல்’ எண்ணில் மயங்கி டெசிபலை விட்டுவிடுகிறார்கள். 10 டெசிபல் கூடினாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் பல சமயம் ‘கொயட்’ மோடுக்கானது. பரவாயில்லை, டைல்ஸ் தரையின் அன்றாடத் தூசிக்கு அதுவே போதும். மாப் மட்டும் போட்டால் சத்தம் இன்னும் குறைவு.

தொட்டிலில் தூங்கும் பிள்ளையைப் பதறி எழ வைப்பது பெரும்பாலும் ரோபோ அல்ல. அதன் வயிற்றுத் தூசியை உறிஞ்சிக் காலி செய்யும் சார்ஜிங் டாக்தான்! சில விநாடிகளே என்றாலும் மிக்ஸி போட்டதுபோல் அலறும். அதைப் படுக்கையறைப் பக்கம் வைக்காதீர்கள். குறிப்பிட்ட நேரத்தில் டாக் ஓடாதபடி ஆப்பில் நிறுத்திவைக்க முடிகிறதா என்று கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.