பாட்டியின் குரல் யாருக்குச் சொந்தம்?

"இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்" என்பது நம் முன்னோர் வாக்கு. கிணற்றுக்கு மட்டுமன்று, அறிவுக்கும் இது பொருந்தும். ஆனால் அந்தக் கிணற்றில் இருப்பது ஒருவருடைய துன்பமாக இருந்தால், அதையும் ஊராருக்கு இறைத்து ஊற்றலாமா? சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி இது. அதைப் பற்றி என் சிற்றறிவுக்கு எட்டியதை எழுதுகிறேன்.

என் பாட்டி தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கதை சொல்வதில் அவருக்கு நிகர் அவரேதான். சென்ற ஆண்டு அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை விழுந்தது, அதனுடன் சொல்லும் போயிற்று. தண்ணீர் கேட்க நினைப்பார்; வாயில் "கதவு" என்று வரும். தவறு என்று அவருக்கே தெரியும். தலையை ஆட்டிவிட்டு மீண்டும் முயல்வார். மீண்டும் "கதவு" என்றே வரும். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "பாவம், நினைவு தப்பிவிட்டது" என்றார்கள். ஆனால் என் பிறந்த நாளன்று காலையில் அலமாரியைச் சுட்டிக்காட்டி, எனக்கென்று முன்பே வாங்கி வைத்திருந்த பாவாடைத் துணியை எடுக்கச் செய்தவரும் அவரேதான். நினைவு தப்பியவரா இதைச் செய்வார்?

இந்நிலைக்கு மருத்துவர்கள் அஃபேசியா என்று பெயரிட்டுள்ளனர். பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலோருக்கு மொழியை ஆளும் பகுதிகள் மூளையின் இடப்புறத்தில் உள்ளன. அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டால் பேச்சு குலைகிறது. கருத்து உள்ளே இருக்கிறது. அது சொல்லாக வெளிவரும் வழிதான் அடைபட்டுப் போகிறது. கேட்ட சொற்களைச் சில நொடிகள் மனத்தில் பிடித்து வைக்கும் குறுகிய கால நினைவாற்றலும் பலருக்குத் தளர்ந்து விடுகிறது. அதனால்தான் நாம் நீளமாகப் பேசினால், முடிவு வருமுன் தொடக்கம் அவர்களிடமிருந்து நழுவி விடுகிறது.

பாட்டிக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்க வந்த அம்மையார் ஒரு நாள், "உங்கள் தாயார் பேசுவதைப் படமும் ஒலியுமாகப் பதிவு செய்யலாமா? பெயரை நீக்கிவிட்டு, பிற ஆய்வாளர்களுடனும் பகிர்ந்து கொள்வோம்" என்று கேட்டார். என் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கள் அம்மா தடுமாறுவதை நாலு பேர் வேடிக்கை பார்க்க வேண்டுமா?" என்றார். அம்மாவோ, "நாலு பேருக்கு நன்மை என்றால் கொடுத்தால் என்ன?" என்றார். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. ஆகவே இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அஃபேசியா உள்ளவர்களில் ஒருவரைப் போல் மற்றொருவர் இருப்பதில்லை. ஒருவருக்குப் பெயர்ச் சொற்கள் வருவதில்லை. ஒருவருக்கு வாக்கியம் அமைவதில்லை. மற்றொருவர் சரளமாகப் பேசுவார், ஆனால் பொருள் இருக்காது. ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வருகின்ற பத்துப் பதினைந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தப் பயிற்சி யாருக்குப் பயன்படும் என்று எப்படிச் சொல்வது? பலரும் சேர்த்தவற்றை ஒன்றாகக் குவித்தால்தான் உண்மை புலப்படும்.

அமெரிக்காவில் இப்பணி நடந்து வருகிறது. பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் பிரையன் மக்வின்னி என்ற பேராசிரியர் தலைமையில் 2007ஆம் ஆண்டில் "அஃபேசியா பேங்க்" தொடங்கப்பட்டது. வங்கியில் பணம் சேர்வது போல் இங்கே பேச்சு சேர்கிறது. பல ஊர் ஆய்வாளர்களும் ஒரே முறையில் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்கின்றனர். சொற்கள் மறைக்கப்பட்ட சிண்ட்ரெல்லா படப் புத்தகத்தைப் பார்க்கத் தந்து, பின்பு அதை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். எல்லோரும் ஒரே கதையைச் சொல்வதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. பிலடெல்பியா பகுதியிலுள்ள மாஸ் ஆய்வு நிலையத்தார் 170க்கும் மேற்பட்ட நோயாளிகளின் சோதனை விடைகளைத் தொகுத்து, 2010இல் அதைப் பற்றி ஆய்விதழில் எழுதி, மற்றவர்களுக்கும் திறந்து விட்டனர். 175 படங்களுக்குப் பெயர் சொல்லும் சோதனை அவற்றுள் ஒன்று. நினைவாற்றல் சோதனைகளும் உண்டு.

பகிர்தலின் பயனுக்கு இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்பவர் 21 ஆண்டுகள் இருந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்று மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது. 1861இல் அவர் இறந்தபின், பால் புரோக்கா என்ற மருத்துவர் அவருடைய மூளையை ஆராய்ந்து, பேச்சுக்குரிய பகுதி இதுவென்று அறிவித்தார். அதை அறுத்துக் கூறு போடாமல் முழுதாகவே பாதுகாத்து வைத்தார். 146 ஆண்டுகள் கழித்து, 2007இல் நினா டிரோங்கர்சும் அவருடைய குழுவினரும் அதே மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் எடுத்து ஆராய்ந்தனர். பாதிப்பு புரோக்கா கண்ட இடத்துடன் நிற்காமல் ஆழத்துக்கும் பரவியிருந்தது தெரிய வந்தது. அவர் அன்று பாதுகாத்து வைக்காதிருந்தால் இன்று இந்த அறிவு ஏது?

ஆனால் தோழியரே, இதன் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். உலகம் அந்த மனிதரை "டான்" என்றே அழைத்தது. லூயி விக்டர் என்ற அவருடைய முழுப்பெயரும், அவர் உழைத்து வாழ்ந்த ஒரு தொழிலாளி என்பதும், போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் 2013இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்பே பரவலாகத் தெரிய வந்தன. மூளையைக் காத்தோம், மனிதரை மறந்தோம். என் மாமாவின் கோபத்தில் நியாயம் இருப்பது இங்கேதான். பெயரை நீக்கினாலும் முகமும் குரலும் ஒருவரைக் காட்டிக் கொடுத்துவிடுமே! அதனால்தான் அஃபேசியா பேங்கின் பதிவுகளைக் கடவுச்சொல் பெற்ற ஆய்வாளர், ஆசிரியர், மருத்துவப் பணியாளர் போன்றோர் மட்டுமே காண முடியும். கிணற்றைத் திறந்து வைப்பது நல்லது. அதற்குக் கைப்பிடிச் சுவரும் வேண்டும்.

இவையெல்லாம் படித்த பிறகு ஒன்று என்னை உறுத்தியது. மாமா வேண்டாம் என்றார். அம்மா சரி என்றார். இருவரும் பேசியது பாட்டியின் கட்டிலருகே. பாட்டியை யாரும் கேட்கவே இல்லை! பேச வராதவருக்குக் கருத்தும் இராது என்று, அவரை இவ்வளவு நேசிக்கும் நாங்களே எண்ணிவிட்டோம்.

இதைச் சொன்னதும் மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நீயே கேள், பாப்பா" என்றார். ஒரு தாளில் "ஆம்" என்றும் மற்றொன்றில் "இல்லை" என்றும் எழுதி, பயிற்சி அம்மையாரின் துணையுடன் ஒவ்வொரு சிறு வாக்கியமாகச் சொல்லிக் கேட்டோம். குரலைப் பதிவு செய்யலாமா? பாட்டி இடக்கை விரலை "ஆம்" மீது வைத்தார். பிறர் கேட்கலாமா? மீண்டும் "ஆம்". முகத்தைப் படம் எடுக்கலாமா? கோணியிருந்த உதட்டைத் தொட்டுப் பார்த்தார்; பின்பு விரலை "இல்லை" மீது அழுத்தி வைத்தார். தாள்களை மாற்றி வைத்து மறுபடி கேட்டோம். விடை மாறவில்லை. மாமா சொன்னதும் அன்று, அம்மா சொன்னதும் அன்று. அது பாட்டியின் சொந்த முடிவு.

ஆகவே என் கருத்து இதுதான். நோயாளிகளிடமிருந்து பெற்ற செய்திகளை ஆய்வாளர்கள் தம் பெட்டிக்குள் பூட்டி வைக்கலாகாது. பகிர்ந்து கொள்ள வேண்டும். ஆனால் எவ்வளவு பகிர்வது என்பதை நோயாளியே சொல்ல வேண்டும். அவருக்குப் புரியும் விதத்தில், அவசரப்படாமல், தேவையானால் பத்து முறையும் கேட்க வேண்டும். பேச முடியாதவரிடம் கேட்பது கடினந்தான். கடினம் என்பதற்காகக் கேட்காமல் விடுவது முறையாகாது.

தோழியரே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகையவர் இருந்தால், "நினைவு தப்பிவிட்டது" என்று சொல்லி விலகிச் செல்லாதீர்கள். அருகில் அமர்ந்து, சிறு வாக்கியமாகப் பேசி, விடை வரும்வரை காத்திருங்கள். என் பாட்டி இப்போதும் எனக்குக் கதை சொல்கிறார். ஒரு கதைக்கு ஒரு மாலைப் பொழுது ஆகிறது. நான் காத்திருக்கிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி