காதுக்குள்ள ‘டப் டப்’: ஹெட்செட்டை மட்டும் திட்டினா போதுமா?

ராத்திரி லைட்டை அணைச்சிட்டு, தலையணையில காதை வச்சுப் படுத்ததும் உள்ளேயிருந்து ‘டப்... டப்...’னு ஒரு துடிப்பு. சிலருக்கு அது ‘உஷ்... உஷ்...’னு காத்தடிக்கிற மாதிரி இருக்கும். ஹாஸ்டல்ல இதை யாராவது வாய்விட்டுச் சொன்னா, மூணு பதில் ரெடியா வரும். “ஹெட்செட்டைக் கழட்டு.” “செமஸ்டர் டென்ஷன்.” “உனக்கு மட்டும் கேக்குதுன்னா அது பிரமை.”

மூணுமே அவசரத் தீர்ப்பு. அதுலயும் மூணாவது தீர்ப்பு ரொம்பத் தப்பு. ஏன்னா, இந்த வகைச் சத்தம் சில பேருக்கு உண்மையிலேயே உடம்புக்குள்ள உருவாகிற சத்தம். டாக்டர் காதுக்குப் பின்னாடியோ கழுத்துலயோ ஸ்டெதஸ்கோப்பை வச்சா, சில சமயம் அவருக்கும் கேக்கும். இன்னொருத்தர் காதுக்கும் எட்டுற ஒண்ணைப் பிரமைன்னு எப்படிச் சொல்றது?

முதல்ல ஒரு வித்தியாசத்தைப் புரிஞ்சுக்குவோம். மணிக்கணக்கா அதிக வால்யூம்ல பாட்டுக் கேட்டா வர்றது பெரும்பாலும் ‘கொய்ங்’னு நிக்காம ஓடுற இரைச்சல். துடிச்சுத் துடிச்சு வர்றது வேற கதை. அது உங்க நாடியோட தாளத்துல வருதான்னு பாக்க ஆப் எதுவும் வேண்டாம். மணிக்கட்டுல விரல் வச்சு நாடியைப் பிடிங்க. சத்தமும் நாடியும் ஒண்ணா அடிச்சா, அது ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்டது. ஒட்டாம, திடீர்னு ‘படபட’ன்னு அடிச்சு நின்னா, நடுக்காதுல இருக்கிற குட்டித் தசைகள் துடிக்கலாம். கண் இமை துடிக்கிற மாதிரிதான் அது, பெரும்பாலும் ஆபத்தில்லை.

ரத்தம் ஏன் சத்தம் போடணும்? நாம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்சவங்க, இதை நாமே கண்டுபிடிச்சிடலாம். அம்மா மண்டபத்துப் படித்துறையில அகலமா ஓடுற காவிரி சத்தமே போடாது. அதே தண்ணி முக்கொம்புல ஷட்டர் வழியா நெருக்கிக்கிட்டு வெளிய வர்றப்ப இரையும். ஓட்டம் சீரா இருந்தா அமைதி, டர்புலன்ஸ் வந்தா சத்தம். ரெனால்ட்ஸ் நம்பரை நினைச்சுப் பாருங்க: அடர்த்தி, வேகம், விட்டம் மூணையும் பெருக்கி விஸ்காசிட்டியால வகுக்கணும். ரத்தசோகை வந்தா சிவப்பணு குறையுது, ரத்தத்தோட விஸ்காசிட்டி இறங்குது. ஆக்சிஜன் பத்தலைன்னு இதயம் வேகத்தைக் கூட்டுது. வகுக்கிற எண் குறைஞ்சு, பெருக்குற எண் கூடினா ரெனால்ட்ஸ் நம்பர் என்ன ஆகும்? பரீட்சையில கேட்டா நாம எல்லாரும் ரெண்டு மார்க் வாங்கிடுவோம்.

மூளைக்குப் போற பெரிய தமனியும், மூளையிலிருந்து திரும்புற பெரிய சிரையும் காதுக்கு ரொம்பப் பக்கத்துல ஓடுது. அங்க ஓட்டம் கலங்கினா காதுக்குத்தான் முதல்ல தெரியும். தைராய்டு அதிகமா சுரக்கிறது, உயர் ரத்த அழுத்தம், காய்ச்சல், கர்ப்பம் இதெல்லாமும் ஓட்டத்தை வேகமாக்கலாம். மலைக்கோட்டைப் படியெல்லாம் ஒரே மூச்சுல ஏறி உச்சிப்பிள்ளையார்கிட்ட நிக்கிறப்ப காதுல துடிக்குதா? அது இயல்பு, ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும். சும்மா உக்காந்திருக்கிறப்பவும் வந்தாத்தான் கவனிக்கணும்.

இன்னொரு வகையில, உள்ள சத்தம் கூடவே இல்லை, வெளிச்சத்தம்தான் குறைஞ்சிருக்கு. காதுல அழுக்கு அடைச்சா, நடுக்காதுல சளி நீர் தேங்கினா, வெளி இரைச்சல் மறைஞ்சு உள்துடிப்பு பெரிசாக் கேக்கும். இயர்பட்ஸ் இறுக்கமா மாட்டினா துடிப்பு கேக்குறதும் இதனாலதான். ஹெட்செட்டுக்கு இதுல அவ்வளவுதான் பங்கு. அதுக்காகக் காதுக்குள்ள எண்ணெய் விடுறது, ஹேர்பின் விட்டுக் குடையறது எல்லாம் வேண்டாம். அழுக்கை எடுக்க டாக்டருக்கு அஞ்சு நிமிஷம் போதும்.

இப்ப கொஞ்சம் சீரியஸான பகுதி. மூளையைச் சுத்தி இருக்கிற நீரோட அழுத்தம் கூடினாலும் இதே ‘உஷ்’ சத்தம் வரும். உடல் எடை கூடுதலா இருக்கிற இளம்பெண்கள்கிட்ட இது அதிகம். முகப்பருவுக்குச் சாப்பிடுற ஐசோட்ரெட்டினாயின், டாக்ஸிசைக்ளின் மாதிரி மாத்திரைகளும் சிலருக்கு இதைக் கொண்டுவரலாம். ஃப்ரெண்டுக்கு எழுதிக் குடுத்த சீட்டைக் காட்டி நாமும் மாத்திரை வாங்குற பழக்கம் எவ்வளவு பேருக்கு இருக்குன்னு நமக்கே தெரியும். கூடவே தலைவலி, குனிஞ்சு நிமிர்ந்தா கண்ணு ஒரு நொடி இருட்டுறது, ரெண்டு ரெண்டாத் தெரியறதுன்னா, காது டாக்டரோட கண் டாக்டரையும் பாக்கணும். கவனிக்காம விட்டா பார்வை நிரந்தரமாப் போகலாம். நேரத்தோட பிடிச்சா எடைக் குறைப்பு, மாத்திரைன்னே பெரும்பாலும் கட்டுக்குள்ள வரும். ஒரு பொண்ணு சொல்ற சத்தத்தை ‘பிரமை’ன்னு சிரிச்சு ஒதுக்குறதோட விலை என்னன்னு இப்ப யோசிங்க.

“இப்படிப் பயமுறுத்தினா எல்லாரும் கூகுள்ல தேடி மூளைக்கட்டின்னு முடிவு பண்ணிடுவாங்களே?” நியாயமான கேள்வி. காதுக்குள்ள ரத்தக்குழாய்க் கட்டி, தமனியும் சிரையும் தப்பா இணையறது, காது எலும்பு மெலிஞ்சு போறது இதெல்லாம் உண்டு, ஆனா அபூர்வம். கூகுள் அபூர்வமானதையும் சாதாரணமானதையும் ஒரே வரிசையில காட்டும், டாக்டர் அப்படிப் பாக்க மாட்டார். காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாக்குறது, பி.பி., ஹீமோகுளோபின், தைராய்டு, கேட்கும் திறன் சோதனை... இந்த வரிசையில போய், தேவைப்பட்டா மட்டும் ஸ்கேன். புத்தூர்ல இருக்கிற மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குக் காலையில ஓ.பி. நேரத்துல போய் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுல காட்டலாம். ஆனா ஒரே பக்கக் காதுல திடீர்னு ஆரம்பிச்சாலோ, பைக்ல விழுந்து தலையில அடிபட்ட பிறகு வந்தாலோ தள்ளிப்போடாதீங்க. முகம் கோணறது, பேச்சுக் குழறறது சேந்து வந்தா யோசிக்காம 108.

சரி, இது தனி ஆளோட பிரச்சினை மட்டுமா? இல்லைன்னு நினைக்கிறேன். 2019-21ல எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15லிருந்து 49 வயசு வரைக்குமான பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது நம்ம கிளாஸ்ல பாதி பெஞ்ச். ஸ்கூல்ல வாரம் ஒரு இரும்புச்சத்து நீல மாத்திரை குடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? காலேஜ் வந்ததும் அதைப் பத்திக் கேக்க ஆள் இல்லை. காலையில டிபன் சாப்பிடாம ஒன்பது மணி கிளாஸ், மதியம் சாப்பிட்ட கையோட டீ. சாப்பாட்டோட குடிக்கிற டீ இரும்புச்சத்து உடம்புல சேர்றதைத் தடுக்கும்னு யாரும் மெஸ்ல எழுதி வைக்கிறதும் இல்லை.

அதனால நம்ம மாதிரிக் காலேஜ்களுக்கு என் கோரிக்கை ரொம்பச் சின்னது. வருஷம் ஒரு தடவை எல்லாருக்கும் ஹீமோகுளோபினும் பி.பி.யும் பாருங்க. ரிசல்ட்டை ஃபைல்ல பூட்டி வைக்காம மாணவர் கையிலேயே குடுங்க. மெஸ் மெனுவுல முருங்கைக்கீரையும் சுண்டலும் அடிக்கடி வரட்டும். ஹெல்த் சென்டர் சுவர்ல எப்ப டாக்டரைப் பாக்கணும்னு நாலு வரி தமிழ்ல எழுதுங்க. தமிழ்ல அறிவியல் சொல்ல முடியாதுன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. ஸ்ரீரங்கத்துல வளந்து, ஜோசப் காலேஜ்ல படிச்சு, எஞ்சினியரா வேலை பாத்த சுஜாதா ‘ஏன் எதற்கு எப்படி’யில அதை வாராவாரம் செஞ்சு காட்டியிருக்கார்.

மாணவர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். மெஷின்ல வித்தியாசமா ஒரு சத்தம் வந்தா நாம மெஷினைத் திட்டுறதில்லை, எங்கிருந்து வருதுன்னு தேடுறோம். பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவங்க “காதுல ஏதோ துடிக்குது”ன்னு சொன்னா, அடுத்த தடவை சிரிக்காதீங்க. “நாடியோட ஒத்துப்போகுதா?”ன்னு கேளுங்க. ஒத்துப்போச்சுன்னா, மறுநாள் காலையில அவங்ககூட ஓ.பி.க்குத் துணைக்குப் போங்க.