குளிர்ச்சியும் கொச்சையும்

நிழலின் அருமை வெயிலிற் போனால்தான் தெரியும் என்பது முன்னோர் மொழி. சித்திரைத் திங்களில் நம் கல்லூரி வளாகத்துட் புகுவோர் அம்மொழியின் உண்மையை உணராதிரார். பழைய மாணவர் வேப்பமரத்தடியைத் தேடித் தம் காரை நிறுத்துகின்றனர். மாணவராகிய நாமோ அம்மரத்தடியிலேயே கூடி, பேராசிரியர் செவிக்கு எட்டாத சொற்களாற் பொழுது போக்குகின்றோம். நின்ற காரைச் சூடேறாமற் காப்பது எவ்வாறு என்பது அவர்தம் வினா. இந்தப் புதுச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பது நம் வினா. இவை ஒன்றற்கொன்று உறவில்லாதன போலத் தோன்றினும், இரண்டும் சென்று சேரும் இடம் ஒன்றே என்பது எம் கருத்து.

முதலிற் காரைக் காண்போம். ஞாயிற்றின் ஒளி கண்ணாடியை எளிதிற் கடந்து உட்செல்கின்றது. இருக்கைகளும் முகப்புப் பலகையும் அதனை ஏற்றுச் சூடாகின்றன. அவை திரும்ப வெளியிடும் வெப்பக் கதிர்கள் கண்ணாடியை அவ்வாறு கடக்கமாட்டா. உள்ளிருக்கும் காற்றும் அடைபட்டுக் கிடக்கின்றது. ஆதலாற் சூடு ஏறிக்கொண்டே போகின்றது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, வெயிலில் நின்ற காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் சூடேறியது. அவ்வேற்றத்தில் 80 விழுக்காடு முதல் 30 நிமிடத்திலேயே நிகழ்ந்தது. கண்ணாடியைச் சிறிதளவு இறக்கி வைத்ததாற் பெரும்பயன் விளையவில்லை. அரிசோனா மாநிலத்தில் நடத்தப்பெற்று 2018ஆம் ஆண்டில் வெளியான வேறோர் ஆராய்ச்சியில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் முகப்புப் பலகை சராசரியாக 69 டிகிரியும், நிழலில் நின்றவற்றின் பலகை 48 டிகிரியும் காட்டின.

ஆகவே நிழலே முதல் மருந்து. நிழல் கிட்டாதவிடத்து, ஒளியைத் திருப்பியனுப்பும் வெள்ளித்தகடு போன்ற மறைப்பை முன்கண்ணாடிக்கு உட்புறம் வைத்தல் நன்று. புறப்படுமுன் கதவுகளைத் திறந்து வெங்காற்றைப் போக்கிப் பின்னரே குளிர்சாதனத்தை இயக்கல் வேண்டும். கருநிறக் காரினும் வெண்ணிறக் கார் குறைவாகவே சூடேறும். இவை அனைத்தையும் செய்தாலும், குழந்தையையேனும் வாயில்லா உயிரையேனும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாமென்று கடைக்குட் செல்வது உயிரோடு விளையாடுவதாகும். அதற்கு நிழலும் அமைதி கூறாது.

இனிச் சொல்லைக் காண்போம். தேர்வுத்தாள் கடினமாயிருந்ததென்று ஒருவன் கலங்கினால், தோழன் அவன் தோளைத் தட்டி, "கூல், மச்சி!" என்கின்றான். இந்தக் "கூல்" வெள்ளையர் அவைகளிற் பிறந்த பொருளுடையதன்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தோர், அமெரிக்க நகரங்களின் ஜாஸ் இசைக்கூடங்களில், பதற்றமின்றித் தன்னிலையில் நிற்பதைப் புகழ்ந்து வழங்கிய சொல் அது. 1940களில் அது அவ்விசையுலகிற் பரவியது. சாக்சபோன் இசைஞர் லெஸ்டர் யங் அதனைப் பரப்பியவருள் முதன்மையானவர் என்பர். தெருவிலும் பேருந்திலும் தம்மோடு ஒருங்கே அமரவும் விடாத மக்களின் சொல்லையே வெள்ளையர் பின்னர் விரும்பி எடுத்துக்கொண்டனர்; இன்று உலகமே அதனைச் சொல்கின்றது.

நமக்கும் குளிர்ச்சி புதியதன்று. மகிழ்ந்தால் உள்ளம் குளிர்கின்றது. இனியதைக் கண் குளிரக் காண்கின்றோம். அருளைத் தண்ணளி என்கின்றோம். மொழியையே தண்டமிழ் என்கின்றோம். வெயில் காயும் நாட்டார்க்குக் குளிர்ச்சி என்பது அன்பின் பெயர். தோழன் தோளைத் தட்டும்போது, அயற்சொல்லோடு நம் பழைய பொருளும் ஒருங்கே கலந்துவிடுகின்றது போலும்.

இத்தகைய சொற்களைக் கொச்சை என்று தள்ளுவோர் நம் இலக்கணத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்பாராக. ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொல்லுக்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டு, வழக்கு வகையுள் இடமளித்தது நன்னூல். பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்றும், யானைப்பாகர் ஆடையைக் "காரை" என்றும் வழங்குதலை அதற்கு எடுத்துக்காட்டுவர். பட்டறையிலும் யானைக்கொட்டிலிலும் வழங்கிய சொல்லைக் கேட்க நம் புலவர் நாணவில்லை.

சென்னைத் தெருவின் பேச்சை அவ்வாறே கேட்டால் ஒரு துறைமுகத்தின் வரலாறு முழுவதும் அதிற் கேட்கும். "நைனா"வும் "டப்பு"வும் தெலுங்கு. "நாஷ்டா", "பேஜார்", "குஜால்" என்பன பாரசீகத்திற் பிறந்து உருதுவின் வழியாக வந்தன. "துட்டு" என்பதை, பழவேற்காட்டிற் கோட்டை கட்டி வாணிகம் செய்த ஒல்லாந்தரின் டொய்ட் என்னும் செப்புக்காசின் பெயரென்பர். வசவாகிய "கஸ்மாலம்" வடமொழியில் அழுக்கையும் மனக்கலக்கத்தையும் குறிப்பது. பகவத்கீதையிலேயே அச்சொல் உண்டு. "குந்து", "அப்பால" என்பனவோ நல்ல தமிழ். "இஸ்துகினு" என்று கேட்டு நகைப்பவர், அஃது "இழுத்துக்கொண்டு" என்பதன் தேய்வு என்பதை அறிந்தால் நகைப்பு அடங்கும்.

இவ்வாறு கூறுவதால், கட்டுரையையும் தேர்வுத்தாளையும் இச்சொற்களால் நிரப்புக என்பது எம் கருத்தன்று. வசவுக்கு வடமொழி வேர் உண்டென்பதால் அது வசவாகாமற் போய்விடுவதுமில்லை. இடமறிந்து பேசுதல் கற்றோர்க்கு அழகு. ஆயினும் இடமறிந்து விலக்குதல் வேறு, பேசுவோனை இகழ்தல் வேறு. திரைப்படங்களில் இப்பேச்சு பெரும்பாலும் கோமாளிக்கும் போக்கிரிக்குமே கொடுக்கப்படுகின்றது. நாமும் அதனைக் கேட்டுச் சிரித்து, பின்னர் அதே சொற்களை எடுத்து நம்முள் வேடிக்கையாக வழங்குகின்றோம். சொல் நமக்கு வேண்டும், சொன்னவன் வேண்டா. இது முறையோ?

இவ்விடத்தேதான் காரும் சொல்லும் ஒன்றுகூடுகின்றன. விழா நடக்கும் எந்த வளாகத்தையும் நோக்குக. மர நிழலிற் கார்கள் நிற்கும். அவற்றை ஓட்டி வந்தோர் மதிலோரத்து வெயிலிலே கைக்குட்டையைத் தலைமேலிட்டு மூன்று மணி நேரம் காத்திருப்பர். இருக்கை சுடலாகாதென்று நிழல் தேடிய நாம், அவ்விருக்கையில் அமர்வோன் சுடுவதைக் கருதினோமில்லை. சென்னைப் பேச்சைச் சிதைவின்றிப் பேசுவோர் அவருட் பலர். நாம் நகைத்ததும் கடன் வாங்கியதும் அவர் சொல்லையே.

ஆதலால் இரண்டு செயல்களை நம் கல்லூரியார் முன் வைக்கின்றோம். கார்கள் நிற்குமிடத்தே இன்னும் சில வேம்பும் புங்கமும் நட்டு, அவற்றினடியிற் காரோட்டிகள் அமர ஒரு திண்ணையும் குடிநீர்ப் பானையும் அமைத்தல் ஒன்று. பெருஞ்செலவு அதற்கு வேண்டுவதில்லை. தமிழ் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு கொண்டு, அத்திண்ணையில் அமர்ந்து, அவர் பேச்சைக் கேட்டு, சொல்லையும் பொருளையும் எழுதி வருதல் மற்றொன்று. அகராதியில் இன்னும் ஏறாத சொற்கள் அங்கே பல உள. "அண்ணே, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று வணக்கத்தோடு கேட்டால் எவரும் சொல்ல மறார். அவர் நமக்கு ஆசிரியராயிருக்கும் அந்நேரமாவது நாம் அவருக்கு நிழல் தருவோமாக.