அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள்

நம் விடுதிக்கு வெளியே வரிசைபிடித்து நிற்கும் மகிழுந்துகளைப் பாருங்கள். மைவி, அக்சியா, சாகா, இடையிடையே அப்பா ஓட்டி மகனுக்கு வந்து சேர்ந்த பழைய ஜப்பான் காடிகள். இவற்றுள் புதியவை பலவற்றில் ஸ்டீயரிங் பக்கமாக ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதில் ஒரு காடியின் படம். அதன் பின்னால் பாம்பு நெளிந்ததுபோல் இரண்டு கோடுகள். "தம்பி, அத அடச்சிட்டு ஓட்டு, அப்பதான் காடிக்குப் பவர் வரும்" என்று மூத்த மாணவர் சிலர் உபதேசம் செய்வதுண்டு. இயந்திரப் பொறியியல் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன்: பல்கலைக்கழகத்திற்கு வந்தபின் நான் கேட்ட அறிவுரைகளில் இதைவிட ஆபத்தானது வேறில்லை.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் டிராக்‌ஷன் கன்ட்ரோல். தமிழில் 'இழுவைக் கட்டுப்பாடு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இழுவை என்றதும் லோரி எதையோ இழுத்துப்போகும் காட்சிதான் மனத்தில் வருகிறது. மலாயில் 'கவாலான் செங்காமான்' என்பார்கள். செங்காமான் என்றால் பிடி. டயர் சாலையைப் பிடித்திருக்கிறதா, விட்டுவிட்டதா என்பதுதானே இங்கே கேள்வி? ஆகவே பிடிமானக் கட்டுப்பாடு என்றே எழுதுகிறேன். சொல்லாக்க அறிஞர்கள் பொறுத்தருள்க.

தமிழ்ப்பள்ளியில் 'உராய்வு' என்ற சொல்லைக் கற்பித்தபோது எங்கள் ஆசிரியை ஒரு மரக்கட்டையை மேசைமேல் இழுக்கச் சொன்னார். நகரும்வரை கனத்தது, நகரத் தொடங்கியதும் இலேசானது. இடைநிலைப்பள்ளியில் அதே பாடம் 'கெசெரான்' என்ற பெயரில் மீண்டும் வந்தது. டயரின் கதையும் அந்த மரக்கட்டையின் கதைதான். ஒழுங்காக உருளும் டயரில், தரையைத் தொடும் பகுதி அந்தக் கணத்தில் தரைமேல் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. சிறிதளவு வழுக்கல் நல்லதே. உலர்ந்த தார்ச்சாலையில் சக்கரம் காடியின் வேகத்தைவிடப் பத்து முதல் இருபது விழுக்காடு கூடுதலாகச் சுழலும்போது பிடி உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் பிடி குறையும். வெறுமனே சுழலும் டயருக்குப் பக்கவாட்டில் பிடிப்பதற்கும் ஒன்றும் மிஞ்சாது. முன்சக்கரங்களால் ஓடும் நம் காடிகளில் இதன் பொருள் என்ன தெரியுமா? நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புவீர்கள். காடி நேராகப் போகும்.

இதைத் தடுக்க ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு வேக உணரி இருக்கிறது. ஏபிஎஸ் பிரேக்குக்கும் அதே உணரிதான். பின்சக்கரங்களை இயந்திரம் சுழற்றுவதில்லை; அவை சாலையோடு உருண்டு வருபவை. ஆகவே காடியின் உண்மை வேகத்திற்கு அவையே சாட்சி. முன்சக்கரம் அவற்றைவிட அளவுக்கு மிஞ்சிச் சுழன்றால், கண்ணிமைக்கும் நேரத்திற்குள் கணினி இயந்திரத்தின் விசையைக் குறைக்கிறது. தேவைப்பட்டால், வழுக்கும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கிறது.

இந்தப் பிரேக் விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. காடியிலுள்ள டிஃபரன்ஷியல் இரு பக்கத்திற்கும் ஏறக்குறையச் சமமான திருகுவிசையையே தரும். இடது சக்கரம் சேற்றில், வலது சக்கரம் தாரில் என்று வையுங்கள். சேற்றில் இருப்பது எவ்வளவு குறைவாக ஏற்கிறதோ, அவ்வளவுதான் தாரில் இருப்பதற்கும் கிடைக்கும். சேற்றுச் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தினால், அது கூடுதல் விசையை ஏற்கவேண்டியதாகிறது. அதே அளவு மறுபக்கமும் போய்ச் சேர்கிறது. 'பவரைத் தின்கிறது' என்று பழிக்கப்படும் கருவி, உண்மையில் பவரைச் சாலைக்குக் கொண்டு சேர்க்கிறது. அது வெட்டுவது ரப்பரைத் தேய்க்கவிருந்த பவரை மட்டுமே.

"ஃபார்முலா ஒன்னில் இது கிடையாதே" என்பார்கள். ஆம், 2008 முதல் தடைதான். செப்பாங்கில் 2002 முதல் 2007 வரை ஓடிய காடிகளுக்கு அனுமதி இருந்தது. தடை செய்யப்பட்ட காரணத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும் அல்லவா? ஓட்டுநரின் திறமையைக் கருவி மறைக்கிறது என்பதுதான் புகார். உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களின் கால்களுக்கே உதவிய கருவி, வெள்ளிக்கிழமை மாலை மழையில் ஊருக்குக் கிளம்பும் நமக்கு வேண்டாமாம்!

அதற்காக இதை மந்திரக்கோலாக நினைப்பதும் தவறு. இருக்கும் பிடியை வீணாக்காமல் காக்குமே தவிர, இல்லாத பிடியை உண்டாக்காது. நீங்கள் எண்ணெய் மிதிக்கும்போது மட்டுமே இதற்கு வேலை. வளைவில் காடி பிய்த்துக்கொண்டு போவதைத் தடுப்பது இதன் அண்ணனாகிய நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. ஜூன் 2018 முதல் நம் நாட்டில் அறிமுகமாகும் புதிய ரக மகிழுந்துகளுக்கு அது கட்டாயம். 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியில் எல்லா வகைகளிலும் இரண்டும் இருந்தன. ஆனால் தேங்கிய நீரின்மேல் டயர் மிதந்துவிட்டால் அண்ணனும் தம்பியும் சேர்ந்தாலும் பயனில்லை. டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். மழைக்கு அதுவே போதாது. ஸ்போர்ட் ரிம்முக்குக் காசு சேர்க்கும் நண்பர்கள் மொட்டை டயரோடு திரிவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

பொத்தானுக்கும் வேளை உண்டு. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் காடி புதைந்தால், கணினி விசையை வெட்டிக்கொண்டே இருக்கும், காடி நகராது. அப்போது அடைத்து, வெளியே வந்ததும் மீண்டும் திறந்துவிடலாம். மற்றபடி, ஓடும்போது அந்த விளக்கு மினுக்கினால் கருவி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அது வேலை செய்கிறது. காலைச் சற்றுத் தளர்த்துங்கள். மினுக்காமல் விடாது எரிந்தால்தான், ஒன்று யாரோ பொத்தானை அடைத்திருக்கிறார்கள், அல்லது பழுது.

பழைய காடி வாங்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. என் அறைத்தோழன் வாங்கிய காடியில் அந்த விளக்கு எரிந்ததே இல்லை. நல்ல காடி என்று மகிழ்ந்திருந்தான். மீட்டரைக் கழற்றிப் பார்த்தபோது விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஒரு சக்கரத்தின் உணரி எப்போதோ செத்துப்போயிருந்தது. ஏபிஎஸ்ஸும் இல்லை, பிடிமானக் கட்டுப்பாடும் இல்லை. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்குகள் சில நொடிகள் எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லையென்றால், விலை பேசுவதை நிறுத்திவிட்டு மீட்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.