வெள்ளை அஸ்பெஸ்ரஸ் தீங்கற்றது என்னும் வாதம்

இலங்கையில் அஸ்பெஸ்ரஸ் கூரைச் சீற்றுகளைத் தடைசெய்யும் பேச்சு எழும்போதெல்லாம், கேடு விளைவிப்பது நீல வகை மட்டுமே, இங்கு பயன்படும் வெள்ளை வகை சீமெந்தில் இறுகிக் கிடப்பதால் எவருக்கும் ஆபத்தில்லை, அதனால் நோயுற்றவர் என்று காட்டுவதற்கு ஒருவரும் இல்லை, ஆகவே நட்டஈடு என்ற கேள்விக்கே இடமில்லை என்னும் மறுமொழி தவறாமல் வந்துசேர்கிறது. இவ்வாதத்தை வன்னியின் முள்ளிவாய்க்காலில் நிறுத்திப் பார்ப்பது பொருந்தும். ஏனெனில் 2009 மே மாதம் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய நிலத்தில் சிதையாத கூரை அரிதாகவே எஞ்சியிருந்தது. பின்னர் மீளக்குடியேறிய மக்கள் இடிபாடுகளைப் பெரும்பாலும் தம் கைகளாலேயே அகற்றி வீடு கட்டினர்.

கல்நார் என்று நூல்கள் குறிக்கும் அஸ்பெஸ்ரஸ், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகளாகப் பிரியக்கூடிய பாறைக் கனிமங்களின் பொதுப்பெயர். அவற்றுள் கிரிசோடைல் எனப்படும் வெள்ளை வகையின் இழை சுருண்டது. குரோசிடோலைட் எனப்படும் நீல வகையின் இழை ஊசிபோல் நேரானது. நீல வகையே கொடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்று மிகக் கொடியது என்பதிலிருந்து மற்றது தீங்கற்றது என்ற முடிவு பிறப்பதில்லை. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், வெள்ளை உட்பட எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் நுரையீரல், குரல்வளை, சூலகம் ஆகியவற்றில் புற்றுநோயையும், நுரையீரலைச் சூழ்ந்த மென்சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றையும் உண்டாக்குகின்றன என்று 2012இல் வெளியிட்ட தொகுதியில் உறுதிசெய்தது. நுரையீரல் திசு தழும்பேறி இறுகி மூச்சு முட்டவைக்கும் அஸ்பெஸ்ரோசிஸ் இதற்குப் புறம்பான வேறொரு நோய்.

சீமெந்தில் இழை இறுகியிருக்கிறது என்பது பாதி உண்மை. உடையாத சீற்றின் கீழ் உறங்குவோர் அனைவரும் நோயுறுவர் என்று அச்சுறுத்துவது மிகைதான்; அத்தகைய மிகை, தடையை எதிர்ப்போருக்கே உதவுகிறது. ஆபத்து உறங்குபவருக்கு அன்று, வேலை செய்பவருக்கே பெரிது. மேசன் கிரைண்டர் கொண்டு சீற்றை உலர வெட்டும்போது வெண்தூசி எழுந்து தலைமயிரிலும் சாரத்திலும் படிகிறது. அந்த உடுப்பை உதறித் துவைக்கும் மனைவியும் அதைச் சுவாசிக்கிறார். உடைந்த துண்டின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் சாக்கு நூல் பிரிந்ததுபோல் இழைகள் சிலும்பி நிற்பது தெரியும். வறுமை எதையும் வீணாக்க விடாது என்பதால், அத்துண்டுகளே கோழிக்கூட்டுக்கு மறைப்பாகவும் வேலியடைப்பாகவும் வளவுப் பள்ளத்தை நிரப்பும் கற்களாகவும் மாறுகின்றன. கூரையில் பாசி படர்ந்ததும் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும் இழையை விடுவிக்கும் செயலே. ஷெல் விழுந்து நொறுங்கிய சீற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. ‘இறுகியிருத்தல்’ என்பது தொழிற்சாலை வாசலில் உள்ள நிலை; போரும் வெயிலும் வாளும் கண்ட கூரையின் நிலை அன்று.

நோயாளர் இல்லை என்னும் கூற்றே இவ்வாதத்தின் பலவீனமான கண்ணி. மீசோதீலியோமா, இழையைச் சுவாசித்த பின் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. 2010க்குப் பின் வன்னியில் கூரை வேய்ந்தவர்களின் கணக்கை 2030களுக்கு முன் கேட்பது, விதைத்த மறுநாள் அறுவடை இல்லை என்று வயலைக் குறைகூறுவதற்கு ஒப்பானது. பிரித்தானியாவில் 1999இல் முழுத்தடை வந்தும், பழைய தூசியின் விளைவாக இன்றும் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இப்புற்றால் இறக்கின்றனர். அங்கே அவர்கள் எண்ணப்படுகின்றனர். இருமலும் இளைப்புமாக வரும் முதிய கூலித்தொழிலாளியிடம் பீடி குடிப்பாரா, காசநோய் இருந்ததா என்று கேட்பதோடு நிறுத்தி, இளமையில் என்ன வேலை செய்தார் என்று கேளாத இடத்தில், நோய் இருந்தாலும் அதற்குப் பெயர் இராது.

அரசின் தயக்கத்துக்கு மருத்துவ ஐயமே காரணம் என்று கொள்வதும் கடினம். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் ஆட்சிக்காலத்தில், 2018 முதல் அஸ்பெஸ்ரஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் முடிவு இருந்தது. 2017 டிசம்பரில், பொதியொன்றில் கப்ரா வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாகத் தடுத்தது. உலகின் மிகப்பெரிய அஸ்பெஸ்ரஸ் உற்பத்தியாளரும் அந்நாடே. கொழும்பு தன் முடிவைத் தளர்த்தியது, தேயிலைத் தடையும் அம்மாத இறுதிக்குள் நீங்கியது. இடைப்பட்ட நாட்களில் நுரையீரலைப் பற்றிப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

நட்டஈட்டைப் பொறுத்தவரை எழுப்பப்படும் தடை ஓரளவு மெய்யானது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் முதலாளி, தொழிலாளி என்ற நேர் உறவின்மேல் கட்டப்பட்டது. போருக்குப் பிந்திய வீட்டுத்திட்டங்கள் பலவற்றிலோ பயனாளிக் குடும்பமே மேசனை அமர்த்திக் கட்டியதால், சட்டத்தின் கண்ணில் முதலாளி என நிற்பவர் அவரைப் போன்றே ஏதிலியாய் இருந்த அயலவர். ஆயினும் இது தீர்க்கமுடியாத சிக்கல் அன்று. பல முதலாளிகளிடம் வேலை செய்தவர் எவருடைய தூசியால் மீசோதீலியோமாவுக்கு ஆளானார் என்று நிறுவ இயலாத நிலையில், கவனயீனத்தால் ஆபத்தைக் கூட்டிய ஒவ்வொருவரும் பொறுப்பாளியே என்று பிரித்தானியப் பிரபுக்கள் சபை 2002இல் ஃபெயார்சைல்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்திய உச்சநீதிமன்றம் 1995 ஜனவரியில், தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, அஸ்பெஸ்ரஸ் தொழிலகங்கள் ஒவ்வொரு தொழிலாளரின் மருத்துவப் பதிவையும் வேலை தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலை நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பேண வேண்டும் எனப் பணித்தது. நோய் உறுதியானவர்களுக்குத் தலா ஒரு இலட்சம் ரூபாய் வழங்கவும் கட்டளையிட்டது. முதலாளி இல்லாத மேசனுக்கு, சீற்றை இறக்குமதி செய்தவரும் வார்த்து விற்றவரும் வரியாகச் செலுத்தும் நிதியம் ஒன்று வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது சான்றைக் காப்பது. வீட்டுத்திட்டக் கோப்புகளைக் காலங்கடந்த காகிதமென்று பிரதேச செயலகங்கள் அழித்துவிடக் கூடாது. எந்த ஆண்டில், எவர் வளவில், எத்தனை கூரைக்குச் சீற் வெட்டினோம் என்பதை மேசன்மாரும் இடிபாடு அகற்றியோரும் இப்போதே எழுதி வைத்து, நெஞ்சு எக்ஸ்ரே படங்களோடு சேர்த்துப் பேண வேண்டும்.